பத்தரை மணிப் பேருந்தையும் திட்டத்தில் சேருங்கள்: அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அறங்காவலர்களுக்கு வணக்கம்.

நமது மருத்துவமனையின் ஐந்தாண்டுத் தொலைநோக்குத் திட்டம் அச்சாகி வந்திருக்கிறது. பொதுக்குழு உறுப்பினர் என்ற முறையில் எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு, பிழை குறைந்த தமிழ். அட்டை முதல் அட்டை வரை படித்தேன். சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள கிராமத்து நோயாளி சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே நம் முதல் கடமை என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, ஆறாத கால் புண் என்று பின்னால் வரும் துயரத்தில் பெரும்பகுதியைத் தடுக்க இதைவிட மலிவான வழியும் இல்லை.

எனக்குச் சிக்கல் அதற்கடுத்த வாக்கியத்தில் தொடங்குகிறது. 'இதற்கான செயல்திட்டத்தை அந்தந்தத் துறைகள் வகுத்துக்கொள்ளும்' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டீர்கள். திட்டத்தில் முக்கால் பங்கு வேலை அந்த ஒரு வரிக்குள் கிடக்கிறது. எந்தத் துறையும் இன்றுவரை எதையும் வகுக்கவில்லை. இனி வகுக்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் சோம்பேறிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு விதியை மாற்றும் அதிகாரம்கூட அவர்கள் கையில் இல்லை.

இதைத் தனிக் கடிதமாகவே எழுதியிருக்கலாம். ஆனால் இதே மாதிரிப் புத்தகத்தை அச்சிட்டு அலமாரியில் வைத்திருக்கும் அறக்கட்டளைகள், கூட்டுறவுச் சங்கங்கள், பள்ளி நிர்வாகக் குழுக்கள் பல எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். அதனால் நம் மருத்துவமனையின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை.

நான் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். மருந்து கொடுக்கும் சன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்தவனுக்கு ஒரு வசதி உண்டு. தலைநகரில் எழுதப்படும் கொள்கை எதுவானாலும் கடைசியில் அந்தச் சன்னலுக்கு வந்துதான் ஆகவேண்டும். வரவில்லையென்றால் அதுவும் அங்கேதான் முதலில் தெரியும். ஓய்வுக்குப் பிறகு நம் மருந்தகத்தில் அவ்வப்போது உதவிக்கு உட்காருகிறேன். அங்கே கண்ட இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். உங்கள் நூலில் இரண்டும் இல்லை.

முதலாவது, ஓ.பி. சீட்டு. நம் பதிவுச் சன்னல் காலை பத்து மணிக்கு மூடப்படுகிறது. ஊருக்குக் கிழக்கே இருக்கும் கிராமங்களிலிருந்து காலையில் வருவது ஒரே ஒரு டவுன் பஸ். அது நிலையத்துக்குள் நுழையும்போது பத்தரை ஆகிவிடும். அதில் வந்து இறங்குகிறவர்கள் நடந்து வந்து மூடிய சன்னலுக்கு முன்னால் நிற்கிறார்கள். காய்ச்சல், நெஞ்சுவலி என்றால் அவசரப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்க வந்தவர்களிடம் நாளை சீக்கிரம் வரச் சொல்கிறார்கள். நாளைக்கும் அதே பஸ்தான்.

பத்து மணி என்பது யார் வைத்த கணக்கு என்று விசாரித்தேன். ஒரே ஒரு பொது மருத்துவர் இருந்த காலத்தில், அவர் நண்பகலுக்குமேல் வார்டு பார்க்கப் போகவேண்டியிருந்ததாம். அதற்குள் கூட்டத்தை முடிக்க வைத்த நேரமாம் இது. அந்த மருத்துவர் போய்ப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மூன்று பொது மருத்துவர்கள் இருக்கிறார்கள். பதினொன்றரைக்குமேல் அவர்களில் இருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விதியை மட்டும் யாரும் தொடவில்லை, ஏனென்றால் அது யாருடைய மேசையிலும் இல்லை.

இரண்டாவது, மாத்திரைக் கணக்கு. மருத்துவர் ஒரு மாதத்துக்கு எழுதுகிறார். மருந்தகம் பதினைந்து நாளைக்குக் கொடுக்கிறது. மீதிக்கு மறுபடி வரவேண்டும். கூலி வேலை செய்யும் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவருக்கு இது மாதத்தில் இரண்டு பயணம், இரண்டு நாள் கூலி. அவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பதினைந்து நாளைக்கான சர்க்கரை மாத்திரையை, மெட்ஃபார்மினை, பாதி பாதியாக உடைத்து ஒரு மாதம் ஓட்டிவந்தார். உடைத்த பாதியைப் பழைய திருநீற்றுப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். நம் பதிவேட்டைப் பார்த்தால் அவர் மாதம் தவறாமல் வரும் நோயாளி. சிகிச்சையைப் பாதியில் விடாதவர்கள் என்ற தலைப்பில் அவர் பெயரும் இருக்கிறது. அவருடைய ரத்தச் சர்க்கரை மட்டும் அந்தத் தலைப்பை ஒப்புக்கொள்ளவில்லை.

ஏன் பதினைந்து நாள் என்று கிடங்குக் கண்காணிப்பாளரிடம் கேட்டேன். நல்ல மனிதர், கணக்கில் புலி. ஒவ்வொரு மார்ச் மாதமும் கணக்குப் பிரிவு அவரிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எவ்வளவு ரூபாய் சரக்கு முடங்கிக் கிடக்கிறது? இருப்பு குறைவாக இருந்தால் பாராட்டு, கூடினால் விளக்கக் கடிதம். எத்தனை நோயாளிகள் பாதி மாத்திரையோடு திரும்பினார்கள் என்று எந்த மார்ச்சிலும் யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் கெட்டிக்காரர் என்பதால், கேட்கப்பட்ட கேள்விக்குச் சரியான விடையை ஆண்டு முழுவதும் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

இப்போது உங்கள் நூலை எடுத்து இந்த இரண்டுக்கும் பக்கத்தில் வையுங்கள். நூல் ஒன்றைச் சொல்கிறது. சீட்டு மூடும் நேரமும் மார்ச் மாதக் கேள்வியும் வேறொன்றைச் சொல்கின்றன. ஊழியர்கள் எதைக் கேட்டு நடப்பார்கள்? தினமும் எதிரே வந்து நிற்பதைத்தான். இந்த மருத்துவமனையை இன்று நடத்திக்கொண்டிருக்கும் உண்மையான திட்டம் அந்த இரண்டு விதிகளில் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் நீங்கள் அல்லர். ஆனால் மாற்றக்கூடியவர்கள் நீங்கள் மட்டும்தான்.

இதைவிடப் பலமடங்கு பெரிய சிக்கலை இதே தமிழ்நாட்டில் தீர்த்துக் காட்டியிருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு உரிமையோடு பேசுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மாத்திரைகள் பெரிய தகர டப்பாக்களில் உதிரியாக வரும். எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். மழைக்காலத்தில் சில மாத்திரைகள் டப்பாவுக்குள்ளேயே பொடியாகிவிடும். தேவைப் பட்டியல் எழுதி அனுப்பினால் கேட்டது ஒன்று, வருவது ஒன்று. வயிற்றுப்போக்குக் காலம் முடிந்தபின் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் மூட்டையாக வந்து இறங்கும். ஏழை நோயாளிக்கு இலவச மருந்து என்ற கொள்கை அப்போதும் இருந்தது. கொள்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே மருந்து விநியோகமும் தொடங்கியது. மேலிருந்து பார்த்தவர்கள் மொத்தக் கொள்முதலையும் டெண்டர் முறையையும் பாராட்டினார்கள். பாராட்டவேண்டியதுதான். சன்னலுக்கு உள்ளே இருந்த எங்களுக்கு உலகம் மாறியது ஒரு பாஸ்புக்கால். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புள்ள மருந்து என்று ஒதுக்கி, அந்தத் தொகையைப் பாஸ்புக்கில் ஏற்றினார்கள். மாவட்டக் கிடங்குக்கு அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் நம் ஊருக்கு எது தேவையோ அதைக் கேட்கலாம். எடுத்த மருந்தின் மதிப்பைக் கழித்து மீதியை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். பாம்புக்கடி அதிகமுள்ள ஊர்க்காரர் அதற்கேற்றபடி எடுக்கலாம். குழந்தைகள் அதிகம் வரும் இடத்தில் சிரப் கூடுதலாக எடுக்கலாம். எதை எடுப்பது என்ற முடிவு நோயாளியைப் பார்க்கிறவர் கைக்கு வந்தது. எவ்வளவுக்குமேல் எடுக்கக்கூடாது என்ற கட்டுப்பாடு கழகத்தின் கையில் இருந்தது. இரண்டும் ஒரே சிறு புத்தகத்துக்குள் அடங்கின.

தரத்துக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு. மருந்து கிடங்குக்கு வந்ததும் விநியோகத்துக்குப் போய்விடாது. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் (பேட்ச்) மாதிரி எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் அடையாளத்தை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சோதிக்கிறவருக்கு அது யாருடைய சரக்கு என்று தெரியாது. அறிக்கை சரியாக வந்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புவார்கள். 'தரத்தில் சமரசம் இல்லை' என்று சுவரில் எழுதிவைக்க எந்த நிறுவனத்துக்கும் முடியும். பெயரை மறைத்து மாதிரி அனுப்பும் அந்த நடைமுறையை யோசித்தவர்தான் வேலை தெரிந்தவர்.

அதற்குப் பிறகு தட்டுப்பாடே வரவில்லை என்று சாதிக்கமாட்டேன். சில மருந்துகள் சில மாதங்கள் இல்லாமல் போனதுண்டு. ஆனால் எங்கே அடைத்துக்கொண்டது என்பதைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. கேரளம் 2007இலும் ராஜஸ்தான் 2011இலும் இதை ஒட்டித் தங்களுக்கென்று கழகங்கள் அமைத்துக்கொண்டன.

உங்கள் முன்னுரையில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் டாக்டர் ஜி. வெங்கடசாமியும் வருகிறார்கள். எல்லா அறக்கட்டளைகளின் முன்னுரையிலும் வருகிறார்கள். 58 வயதில் அரசுப் பணி ஓய்வுக்குப்பின், 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கியவர் என்ற அளவில் கும்பிட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அவர்கள் செய்த வேலையின் உட்கூறுகளைப் பார்ப்பதில்லை என்பது என் மனக்குறை.

கிராமத்தில் முகாம் நடத்திக் கண்புரை இருப்பதைக் கண்டுபிடித்து, அறுவைச் சிகிச்சை இலவசம், மருத்துவமனைக்கு வாருங்கள் என்று சொன்னால் போதுமென்றுதான் யாரும் நினைப்பார்கள். சொன்னவர்களில் சிலர்தான் வந்தார்கள். ஏன் என்று விசாரித்தபோது, இலவச அறுவையும் கிராமத்து முதியவருக்கு இலவசம் இல்லை என்று தெரிந்தது. பஸ் கட்டணம், வெளியூரில் சாப்பாடு, கூட வருகிறவரின் கூலி, தனியாகப் போகும் பயம் எல்லாம் சேர்ந்து தடுத்தன. அதன்பின் முகாம் முடிந்த கையோடு நோயாளிகளைக் குழுவாகப் பேருந்தில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துப் போய், தங்க இடமும் உணவும் கொடுத்து, சிகிச்சை முடிந்தபின் ஊரிலேயே கொண்டுவந்து விட்டார்கள். கண்ணாடி தேவைப்பட்டவர்களுக்கும் அப்படியே. 'பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, கூடியவரை முகாமிலேயே பொருத்திக் கொடுத்தார்கள். தேவையற்ற பார்வையிழப்பை ஒழிப்பது என்ற பெருநோக்கம் அந்த முதியவரைப் பொறுத்தவரை ஒரு பேருந்து இருக்கையாக வந்து நின்றது.

அறுவைக் கூடத்திலும் இதே புத்திதான். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளியைச் செவிலியர் தயார் செய்துவிடுவார்கள். அந்தச் செவிலியர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். அங்கேயே இரண்டாண்டு பயிற்சி பெற்றவர்கள். மருத்துவர் செய்தே ஆகவேண்டிய வேலையை மட்டும் மருத்துவருக்கு விட்டு, மற்றவற்றை அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விழிக்குள் வைக்கும் லென்ஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கித் தாங்களே செய்தார்கள். மற்ற மருத்துவமனைகளுக்குக் கற்றுக்கொடுக்க அரவிந்த் நடத்தும் பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே தலைவர் தனியாக வந்து கேட்டுவிட்டுப் போவது போதாது என்பது அவர்கள் கொள்கை. முடிவெடுப்பவர், மருத்துவர், நிர்வாகி ஆகியோர் ஒரு குழுவாக வந்து உட்கார்ந்து, தங்கள் மருத்துவமனைக்கு எதை எப்போது யார் செய்வது என்று எழுதிக்கொண்டு போகவேண்டும். நம் நூலை எழுதிய குழுவில் மருத்துவர் ஒருவர் இருந்தார். கிடங்கிலிருந்தும் பதிவுச் சன்னலிலிருந்தும் ஒருவரும் இல்லை.

பயிற்சி நடத்தினோமே என்பீர்கள். நடந்தது, மறுக்கவில்லை. நகரத்து ஓட்டலில், ஆலோசகர் ஒருவர் வந்து, பலூன் ஊதச் சொல்லி, கைதட்டச் சொல்லி நடத்தினார். பதிவுச் சன்னலில் உட்காரும் பெண்ணுக்கும் 'மாற்றத்தின் தூதர்' என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வழக்கம்போலச் சன்னலை மூடினார். மூடாமல் இருக்க அவருக்கு உத்தரவு இல்லை.

அடுத்து, நீங்கள் வைத்திருக்கும் அளவுகோல்களைப் பற்றி. எத்தனை முகாம்கள், எத்தனை பேருக்குப் பரிசோதனை, எத்தனை துண்டறிக்கைகள். இவை எல்லாம் எண்ணுவதற்கு எளிது. ஆண்டறிக்கையில் அழகாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது நினைவிருக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன். துணிச்சலான சட்டம், பலனும் கொடுத்தது. ஆனால் அன்று கேட்கப்பட்ட கேள்வி, அமைப்பு இருக்கிறதா இல்லையா என்பது. இருக்கிறது என்று காட்ட மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கினால் போதும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசிக்கு முன்னால் குழியைத் தூர்வாரினீர்களா என்று கேட்க ஆளும் இல்லை, படிவமும் இல்லை. பல வீடுகளில் இன்றும் குழாய் ஒழுங்காக இறங்குகிறது. அது போய்ச் சேரும் குழியில் மணல் மூடிக் கிடக்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததற்கு முந்தைய ஆண்டு மழை பொய்த்ததுதான் முதற்காரணம் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் கோடையில்தான் வீடு வீடாகப் போய்க் குழிகளை மறுபடி எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

நம் முகாம்களின் எண்ணிக்கை அந்தக் குழாய்களைப் போலத்தான். முகாமில் ரத்த அழுத்தம் கண்டுபிடிக்கப்பட்டவர் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதை நாம் எங்கும் எழுதுவதில்லை.

இதற்கும் நாட்டில் முன்மாதிரி இருக்கிறது. 2017இல் மத்திய சுகாதார அமைச்சகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் மாநிலங்களோடு சேர்ந்து உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக்கென ஒரு முயற்சியைத் தொடங்கின. அதன் உள்வேலை எனக்குப் பிடித்தது. எந்த மருந்தில் தொடங்குவது, குறையாவிட்டால் அடுத்து எது என்று படிப்படியாக ஒரே நெறிமுறை. பெரும்பாலும் அம்லோடிபினில் தொடங்குகிறார்கள். ஒரு மாதத்துக்கு மாத்திரை. நோயாளிக்கு ஒரு சிகிச்சை அட்டை. கடைசியில் பார்க்கும் எண்ணும் ஒன்றுதான்: பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90க்குக் கீழே இருக்கிறது? வராதவரையும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. முகாம் எண்ணிக்கையால் இதை மறைக்க வழியில்லை.

நெறிமுறை என்றதும் நம் மருத்துவர்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். அவர்களுடைய சுதந்திரத்தில் நான் தலையிடவில்லை. கிடங்குக்காரன் பார்வையில் ஒன்று சொல்கிறேன். இப்போது நம் மூன்று மருத்துவர்களும் ஒரே நோய்க்கு மூன்று வகை மருந்துகளை, மூன்று நிறுவனங்களின் பெயரில் எழுதுகிறார்கள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைக்கவேண்டியிருக்கிறது. ஒன்று தீர்ந்துபோகும், இன்னொன்று காலாவதியாகும். மூவரும் உட்கார்ந்து முதல்படி மருந்து எது என்று ஒத்துக்கொண்டால், அடுத்த மாதத் தேவையைக் கண்காணிப்பாளர் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். முப்பது நாள் மாத்திரை கொடுக்க அவருக்குத் தைரியம் வரும். விதிவிலக்கான நோயாளிக்கு வேறு மருந்து எழுத யாரும் தடைபோடப் போவதில்லை.

இனி, எனக்குச் சொல்லச் சங்கடமான பகுதி. உங்கள் நூலில் பதினொரு நோக்கங்கள் இருக்கின்றன. பதினொன்றையும் உடனடித் தேவை என்றே எழுதியிருக்கிறீர்கள். ஊழியர்கள் எண்ணிக்கை பழையபடியே இருக்கிறது. எதை நிறுத்தப்போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. எட்டாம் அத்தியாயம் வீடுதேடி மருந்து கொடுப்பது பற்றியது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அதைத்தான் மாநிலம் முழுவதும் செய்துவருகிறது. தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். நாம் இரண்டு வண்டி வாங்கி அதே தெருவில் அவர்கள் பின்னால் போய் என்ன சாதிக்கப் போகிறோம்? அவர்களால் வீட்டில் செய்ய முடியாதது விழித்திரைப் பரிசோதனை, கால் புண் பராமரிப்பு, சிறுநீரகச் சோதனை. அதற்கு நம்மிடம் ஆளும் கருவியும் இருக்கின்றன. சர்க்கரை நோயாளியின் விழித்திரையை ஆண்டுக்கொருமுறை பார்க்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. நம் கருவி பாதி நாள் உறை போட்டே இருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பப்படுபவர்களுக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினாலே போதும். அதைத் தவிர்த்து வண்டி வாங்குவதில் ஆர்வம் காட்டுவதற்கு வண்டியின் மேல் நன்கொடையாளர் பெயரை எழுதலாம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை. கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதாந்திரக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரல்களையும் வாங்கிப் பார்த்தேன். புதிய கட்டடம், மனை விவகாரம், நன்கொடை, ஆண்டு விழா, இதர. தொலைநோக்குத் திட்டம் அச்சான பின்னும் அந்த வரிசை மாறவில்லை. முகப்புக் கூடத்துக்கு எந்த டைல்ஸ் என்பது இரண்டு கூட்டங்களில் விவாதிக்கப்பட்டிருக்கிறது. நோயாளிகள் மாத்திரையை விட்டுவிடுவது பற்றி ஒரு கூட்டத்திலும் பேச்சு வரவில்லை. 'இதர'வுக்கு வருவதற்குள் உணவு வந்துவிடுகிறது. ஒரு நிறுவனம் எதை முக்கியமென்று நினைக்கிறது என்பதை ஊழியர்கள் புத்தகத்தில் தேடமாட்டார்கள். பெரியவர்கள் கூடும்போது முதலில் எதைக் கேட்கிறார்கள் என்று கவனிப்பார்கள். உங்கள் கூட்டம் முடிந்த அரைமணி நேரத்தில் அந்தச் செய்தி சமையலறைவரை போய்விடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். கூட்டத்தின் முதல் பொருளாக, பதிவு செய்த நோயாளிகளில் எத்தனை பேருக்கு நோய் கட்டுக்குள் இருக்கிறது என்ற எண்ணை வையுங்கள். முதல் சில மாதங்கள் அந்த எண் மோசமாகத்தான் இருக்கும். அதற்காக யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த மாதம் எண் நன்றாகிவிடும், நோயாளி ஆகமாட்டார். பதிவுச் சன்னல் பதினொன்றரை வரை திறந்திருக்கட்டும். மார்ச் மாதக் கேள்வியோடு, முப்பது நாள் மருந்து முழுதாகக் கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியையும் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். முப்பது நாளுக்கான இருப்பு வைத்ததற்காக அவருக்கு விளக்கக் கடிதம் போகாது என்று எழுத்தில் கொடுங்கள். எழுத்தில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கணக்குப் பிரிவுக்காரர் மாறினால் வாய்மொழி மறைந்துவிடும்.

இந்த ஒரு நோக்கத்துக்கு ஒரே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். குழு வேண்டாம். மூத்த செவிலியர்களில் ஒருவராக இருந்தால் நல்லது. சிறு தொகையைச் செலவிடவும், சீட்டு நேரம் போன்ற விதிகளை ஒரு மாதத்துக்குச் சோதனையாக மாற்றிப் பார்க்கவும், உங்களிடம் கையெழுத்துக்கு வராமலே அவருக்கு அதிகாரம் கொடுங்கள். பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தை வைத்துக்கொள்வது நம் ஊர் நிர்வாகங்களின் பழைய பழக்கம். அந்தப் பாஸ்புக் வேலை செய்ததற்குக் காரணமே அந்தப் பழக்கத்தை விட்டதுதான். மற்ற பத்து நோக்கங்களும் ஓராண்டு காத்திருக்கட்டும். கட்டடத்தைக் கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு துணைக்குழுவிடம் விடலாம்.

அடுத்த கூட்டத்துக்குக் கிடங்குக் கண்காணிப்பாளரையும் பதிவுச் சன்னலில் இருக்கும் பெண்ணையும் அழையுங்கள். பின்வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லாமல், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள். இன்னும் எத்தனை விதிகள் யார் மேசையிலும் இல்லாமல் கிடக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டத்தை வழக்கம்போல் காலையில் வைக்காமல் மதியம் மூன்று மணிக்கு மேல் வையுங்கள். காலையில் அவர்களால் இருக்கையை விட்டு எழ முடியாது.

இப்படிக்கு,
தங்கள் பொதுக்குழு உறுப்பினர்களில் ஒருவன்,
ஓய்வு பெற்ற மருந்தாளுநர்